அறுபத்தோராவது முடிச்சு

என்னிடம் ஒரு கயிறு இருக்கிறது. கற்றாழை நாரில் திரித்தது, சுண்டுவிரல் பருமன். ஒரு முனையில் கல் கட்டியிருந்த அடையாளம். அங்கிருந்து அடிக்கு ஒன்றாக அறுபத்தொரு முடிச்சுகள். நேற்று எடுத்து எண்ணியபோது அறுபதுதான் வந்தது. மனம் பொறுக்காமல் மறுபடி எண்ணினேன், அறுபத்தொன்று வந்தது. மூன்றாவது முறையும் எண்ணியிருப்பேன். மருமகள் பார்த்துக்கொண்டிருந்ததால் சுருட்டி வைத்துவிட்டேன்.

இந்தக் கயிற்றைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். எழுதினால் அண்ணனைப் பற்றி எழுத வேண்டிவரும். அண்ணனைப் பற்றி எழுதினால் ஐயனைப் பற்றி எழுதாமல் தீராது. எங்கள் பக்கத்தில் அப்பாவை அன்றைக்கு ஐயன் என்றுதான் சொல்வோம்.

எங்கள் ஊர் சென்னிமலைக்குத் தெற்கே மூன்று மைல். இரண்டு இடத்தில் நிலம் இருந்தது. பள்ளத்தில் நாலு ஏக்கர் தோட்டம், அதில் வற்றாத கிணறு ஒன்று. மேட்டில் ஒன்பது ஏக்கர் வானம் பார்த்த காடு. அந்த மேட்டுக்காட்டிலும் கிணறு வெட்டித் தோட்டமாக்கிவிட வேண்டும் என்பது ஐயனின் ஆசை. ஆசையில் தப்பில்லை. அந்த ஆசை இல்லாத குடியானவனை எங்கள் சீமையில் நான் பார்த்ததில்லை.

கிணறு வெட்டுவதற்கு முன்னும் பெண் எடுப்பதற்கு முன்னும் எங்கள் ஆட்கள் மலைக்குப் போய்ப் பூக் கேட்பார்கள். சாமியின் தலையில் வலப்புறம் ஒரு பூ, இடப்புறம் ஒரு பூ வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். ஐயன் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் இடப்பக்கம் விழுந்தது. நாலாவது தடவை அவர் போகவில்லை. "சாமி மலை மேல இருக்குது, கிணறு கீழதான இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டி வந்து வெட்டத் தொடங்கினார்.

நாலு வருஷம் வெட்டினார். அளப்பதற்கு இந்தக் கயிற்றைத் திரித்துக்கொண்டார். குழி ஒரு அடி இறங்கினால் கயிற்றில் ஒரு முடிச்சு விழும். பன்னிரண்டு அடியில் மண் தீர்ந்து பாறை வந்தது. உறவினர்கள் வந்து சொன்னார்கள், வெட்டுகிற ஆட்களே சொன்னார்கள், எங்களைப் பெற்ற ஆத்தா சொன்னாள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "இன்னும் ஒரு முழம்." மேட்டுக்காட்டில் ஆறு ஏக்கர் கைமாறிப் போயிற்று. மூன்றாம் வருஷம் ஆத்தா காய்ச்சலில் போனாள். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஐயன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் நின்றார். அறுபத்தொரு அடியில் கல் நீலம் பாரித்துக் கெட்டிப்பட்டு வந்தது; தண்ணீர் வரவில்லை. அந்த மார்கழியில் அவரும் படுத்துவிட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று ஊரில் கேட்டால் "இன்னும் ஒரு முழம்" என்பார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் ஊர் சொல்கிற கதையைத் திருத்த நம்மால் ஆகாது.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணனுக்கு இருபத்திரண்டு.

அண்ணன் ஐயனை உரித்து வைத்தது போல இருப்பார். அதே உயரம், அதே அகன்ற காது, பேசுவதற்கு முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அதே வழக்கம். எழவுக்கு வந்தவர்களில் பதினோரு பேர் அதை அவரிடமே சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். பதினாறாம் நாள் அண்ணன் மீசையை எடுத்தார். பிறகு வளர்க்கவேயில்லை. எங்கள் தாய்மாமன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப மீசை எடுத்த உங்கையன் மாதிரி இருக்கறே மாப்பிள்ளை" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஐயனை ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து கழற்றத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் கை கட்டுவதை விட்டார். எங்கே நின்றாலும் கோயிலில் நிற்பதுபோல முன்னால் கட்டிக்கொள்வார். ஐயன் கம்மஞ்சோற்றுக்குப் பச்சை வெங்காயம் கடித்துக்கொள்வார் என்பதற்காக இவர் வெங்காயத்தை விட்டார். செருமல் வந்தால் விழுங்கிக்கொள்வார். அதனால் பேச்சுக்கு முன் ஒரு நொடி முகம் சிவக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கோபம் என்று நினைத்தார்கள். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயங்கள் இரண்டு. ஐயன் யாரையும் கேட்காதவர். ஆகவே அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்வார். ஐயனுக்கு நிறுத்தத் தெரியாது. ஆகவே அண்ணன் எதையும் நிறுத்திவிடுவார். மாட்டுக்கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர் எழுப்பி நாலாவது பக்கத்தை விட்டுவிட்டார். "இது போதும்" என்றார். கடைசிவரை அந்தப் பக்கம் ஓலைத்தட்டிதான்.

அவரைக் கையாலாகாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. மாடு பார்ப்பதில் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இணையில்லை. பல்லை ஒரு பார்வை, சுழியை ஒரு பார்வை, இருபது அடி நடக்கவிட்டு ஒரு பார்வை, முடிந்தது. அந்தியூர்ச் சந்தைக்கு எத்தனையோ பேர் அவரைக் கையோடு கூட்டிப்போவார்கள். மற்றவர்களுக்கு அரை நிமிஷத்தில் முடிவு சொல்வார். தனக்கென்று வரும்போதுதான் மலைக்குப் போவார். ஒரு ஆடியில் தோட்டத்துக்குக் காளை பிடிக்க வேண்டியிருந்தது. மலைக்குப் போய் நின்றார். ஒரு மணி நேரம் நின்றும் எந்தப் பக்கத்துப் பூவும் விழவில்லை. ஆனாலும் சந்தைக்குப் போனார். தலைக்கயிறு இரண்டு கொண்டுபோய், இரண்டையும் வெறுமனே தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"காளை இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருந்துது கண்ணு. பல்லு நல்லாருந்துது, சுழி நல்லாருந்துது, நடை நல்லாருந்துது."

"அப்புறம்?"

"உத்தரவு இல்லையே."

அவருக்குக் கல்யாணமும் அப்படித்தான் ஆயிற்று. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கை வாய்த்துடுக்கு உள்ளவள், ஆனால் கொடுமை இல்லாத துடுக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளே சொல்வாள்: "என்னைப் பூக் கேட்டுத்தானுங்க கட்டுனாரு. மொத ரெண்டு தடவை சாமிக்கே என்னைப் புடிக்கலை. மூணாவது தடவை, இவன் விடமாட்டான் போல இருக்குதுன்னு சாமி வலப்பக்கத்தை உட்டுப்போட்டுது." அண்ணன் அதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது பெரும்பாலும் அவள் பேச்சுக்குத்தான். வெங்காய விஷயத்தையும் அவள் விடுவதில்லை. "நான் வெங்காயம் வெட்டுனாக்கூட கிணறு வெட்டற மாதிரி பாக்கறாரு" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. நான் அப்போது கோயமுத்தூரில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். தோட்டத்தில் இரண்டு ஏக்கர் புகையிலை நின்றது. காளைகளைப் பூட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைப்பதை எங்கள் பக்கத்தில் கவலை ஓட்டுவது என்பார்கள். கிணற்றடியில் உட்கார்ந்து சால்களை எண்ணுவது எனக்குப் பழைய பழக்கம். நல்ல காலத்தில் காலையில் முந்நூறு சால் இறைத்தும் தண்ணீர் மட்டம் ஒரு படிக்கு மேல் இறங்காது. அந்தக் கார்த்திகையில் நூற்றெண்பது வந்தது. மார்கழியில் தொண்ணூறு. தை பிறந்தபோது நாற்பத்தொன்றாவது சாலில் சேறு வந்தது. காளைகள் சரிவின் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தன.

கிணறு அப்போது நாற்பத்துநாலு அடி. சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் வெடிச்சத்தம் கேட்டது. கிணற்றை இறக்கினால் தோட்டம் நிற்கும். இறக்காவிட்டால் புகையிலை போகும், பிறகு காளைகள் போகும், பிறகு நிலம் போகும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை. மலைக்குப் போய்க் கேட்டார். வலப்பக்கத்துப் பூ விழுந்தது. ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

முதல் நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, பரணிலிருந்து ஐயனின் கயிற்றை எடுக்கச் சொன்னார். அவர் அதைத் தொடவில்லை. "வாரா வாரம் நீ வந்து அளந்து சொல்லு. நான் அளக்கமாட்டேன்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "ஐயன் எங்க நின்னாரோ அதுக்கு மேல ஒரு விரல்கடை நான் போகமாட்டேன். இது இப்பவே சொல்லிப்போட்டேன்."

நாற்பத்துநாலுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் பதினேழு அடி இருந்தது. பதினேழு அடிக்குள் தண்ணீர் வராமலா போய்விடும் என்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது. மேஸ்திரி வயதானவர், பேச்சில் சிக்கனம். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்துத் திரி வைத்துவிட்டு, எல்லாரும் மேலேறிப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். வெடிக்கும்போது எண்ண வேண்டும். ஐந்து வைத்து நாலு சத்தம்தான் கேட்டது என்றால் அன்றைக்கு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எண்ணிக்கையை மேஸ்திரி என்னிடம் விட்டுவிடுவார். "சின்னப் பண்ணாடி எண்ணுனா சரியா இருக்குமுங்க" என்பார். நிலக்காரரை எங்கள் பக்கத்து ஆட்கள் பண்ணாடி என்பார்கள். எனக்கு அதில் பெருமை. அது எனக்குக் கெடுதல் செய்த பெருமை என்று இப்போது படுகிறது.

முதல் வாரம் நாற்பத்தேழு. பிறகு ஐம்பத்தொன்று. பிறகு ஐம்பத்தைந்து. ஒவ்வொரு தடவையும் கல்லைக் கட்டி விட்டு, முடிச்சுகளை எண்ணி, அண்ணனிடம் போய்ச் சொல்வேன். அவர் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்பார். எண் கூடக் கூட அவர் கிணற்றடியிலிருந்து தள்ளித் தள்ளி நின்றார். ஐம்பத்தைந்தைச் சொன்னபோது அவர் வரப்பைத் தாண்டி வேப்பமரத்தடியில் இருந்தார்.

மாசி மூன்றாவது ஞாயிறு. மேஸ்திரி மேலே வந்து, கையில் ஒரு கல்துண்டைக் காட்டினார். வெளுத்த கல், ஒரு பக்கம் ஈரம்.

"மேக்குப் பக்கம் கசியுதுங்க பண்ணாடி. இன்னும் ரெண்டு வெடி, மிஞ்சிப்போனா மூணு. அதுக்குள்ள ஊத்துக்கண்ணு தொறந்துரும்னு தோணுதுங்க."

"தோணுதா, தெரியுமா?" என்றார் அண்ணன்.

"கிணத்துல தெரியும்னு யாருங்க சொல்றது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றடிக்கு நங்கை எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததுபோல இடுப்பில் குடம். நான் கல்லை விட்டேன். கயிறு ஓடி ஓடி, கடைசி முடிச்சு என் கைக்குள் வந்தபோது கல் அடியில் தட்டியது. மறுபடி தூக்கி விட்டுப் பார்த்தேன். அதேதான். முடிச்சு தீர்ந்துவிட்டது. மேலே மிச்சமிருந்தது ஒரு சாண் கயிறு.

"எத்தனை தம்பி?" என்றாள்.

"அறுபத்தொண்ணுங்க."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். குரலை இறக்கினாள். "அம்பத்தெட்டுன்னு சொல்லுங்க."

நான் கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கினேன்.

"அவரு வந்து அளக்கமாட்டாரு. அந்தக் கயித்தைக் கையால தொடமாட்டாரு, உங்களுக்கே தெரியும். மூணு வெடிதான் கேக்கறாரு மேஸ்திரி. மூணு அடி பொய் சொன்னா என்ன கண்ணு, சாமி கண்ணைக் குத்திருமா?"

"அப்புறம் தெரிஞ்சா?"

"தண்ணி வந்த கிணத்துல யாரு அடி எண்ணறாங்க?"

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே சொத்து, நான் சொல்கிற எண் தப்பாது என்பது. ஊரில் பந்தலுக்கு எத்தனை கால், விருந்துக்கு எத்தனை இலை என்று என்னைக் கேட்பார்கள். நான் வேப்பமரம் வரை நடந்தேன். எண்பத்திரண்டு எட்டு வைத்தேன். அத்தனை எட்டிலும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாய் அறுபத்தொன்று என்று சொல்லிவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். "ஆளுகளை மேல வரச் சொல்லு" என்றார்.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. நங்கை மட்டும் அவர் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டாள். கடைசியில், "எல்லாத்துக்கும் பூக் கேக்க மலைக்குப் போவீங்களே, இதுக்குப் போங்க. சாமி வேண்டாம்னா நானும் வாயை மூடிக்கறேன்" என்றாள். அவரால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவர் வாழ்க்கையையே அதன்மேல்தான் கட்டியிருந்தார்.

நான் அந்தத் திங்கள்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. செவ்வாய் காலை மூன்று பேரும் மலை ஏறினோம். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். சன்னதியில் கூட்டம் இல்லை. பூ வைத்தார்கள். அண்ணன் கண்ணை மூடினார். மூடிய கண் திறப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்துவிட்டது. நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணன், "இன்னொரு தரம்" என்றார்.

மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் ஆயிற்று. நான் நூற்றுநாலு வரை எண்ணினேன். மறுபடியும் வலப்பக்கம்.

"இன்னும் ஒரு தரம் பாக்கலாமுங்களா?"

பூ வைத்தவர் விபூதித் தட்டை அவர் பக்கம் நீட்டினார். "ரெண்டு தரம் சொல்லியாச்சு. மூணாவது கேட்டா, நம்பலைன்னு ஆயிருமுங்க."

அண்ணன் பூவை வாங்கித் துண்டு முனையில் முடிந்துகொண்டார். நாங்கள் இறங்கத் தொடங்கினோம். நங்கையின் நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது. நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன்: வியாழக்கிழமை வெடி வைத்தால் ஞாயிற்றுக்குள் மூன்று அடி இறங்கிவிடும். பாதிப் படி இறங்கியிருப்போம். அண்ணன் முன்னால் போனபடியே, திரும்பாமல், "மேஸ்திரியை நாளைக்கு அனுப்பிச்சுப்போடறேன்" என்றார்.

நங்கை நின்றுவிட்டாள். "என்னுங்க சொல்றீங்க?"

"நான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். அறுபத்தொண்ணு. அதுக்கு மேல இல்லை."

"சாமி ரெண்டு தடவை சொல்லிப்போட்டுதுங்களே."

"சாமிக்கென்ன. வெட்டச் சொல்லும். எங்க நிறுத்தறதுன்னு அது சொல்லுமா? ஐயனுக்கு யாரு சொன்னாங்க? இன்னைக்கு மூணு அடின்னு எறங்குவேன். நாளைக்கு இன்னும் ஒரு முழம்னு என் வாயிலயே வரும். எனக்குத் தெரியும்."

நங்கை இரண்டு படி இறங்கி அவருக்குப் பக்கத்தில் வந்தாள். கோபமாகப் பேசவில்லை; கணக்குத் தப்பின பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "உங்கையன் சாமி வேண்டாம்னு சொல்லியும் வெட்டுனாரு. நீங்க சாமி வெட்டுன்னு சொல்லியும் வெட்டலை. இதுல அவருக்கும் உங்களுக்கும் என்னுங்க வித்தியாசம்? அவரும் மூணாந்தடவை எறங்கறப்ப இந்தப் படியில நின்னுதான, சாமி மலை மேல இருக்குதுன்னு சொன்னாரு."

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகிறவர்களுக்கு வழிவிட நான் ஓரமாக நின்றேன். பதினான்கு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன், விழுங்க மறந்துவிட்டார். பிறகு கேட்டார்: "அப்ப எந்தப் பக்கம் போனாலும் அவருதானா?"

நங்கை, சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாதவள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணிக்கொண்டு வந்த படிக்கணக்கு அங்கே விட்டுப்போயிற்று.

அவர் மனம் மாறியிருக்கலாம். வீட்டுக்குப் போகிறவரை நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். மாறினால் ஐயனைப்போல வெட்டுகிறவர் ஆவார். மாறாவிட்டால் ஐயனைப்போலப் பிடிவாதக்காரர் ஆவார். இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லை என்று தெரிந்த பிறகு, அவர் அந்தக் கிணற்றையே விட்டுவிட்டார். மறுநாள் மேஸ்திரி சாமான்களைக் கட்டும்போது அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மேஸ்திரி என்னிடம், "கசிவை வுட்டுப்போட்டுப் போறது இதான் எனக்கு மொதத் தடவைங்க" என்று மட்டும் சொன்னார்.

புகையிலை பங்குனியில் காய்ந்தது. காளைகளை ஆடியில் அந்தியூருக்கு ஓட்டிக்கொண்டு போனோம். விற்கிறவராக அண்ணன் சந்தையில் நின்றது அது ஒரு தடவைதான். வாங்க வந்தவன் பல்லைப் பார்த்த விதம் தப்பு என்று அவனுக்கே சொல்லிக்கொடுத்தார். ஐப்பசியில் தோட்டம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. எதற்கும் அண்ணன் மலைக்குப் போய்ப் பூக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த மலையே ஏறவில்லை.

கோயமுத்தூரில் அப்போது மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அண்ணனுக்கு ஒன்றில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. மில்லுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள். அதில் ஏழாவது வீடு. நங்கை அந்த ஒற்றை அறையை ஒரு வாரத்தில் வீடாக்கிவிட்டாள். பஞ்சுத் தூசியில் அண்ணனின் புருவம் எப்போதும் வெளுத்திருக்கும். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்து ஒருநாள் அவரே சொன்னார்: "மில் சங்கு ஊதுனாப் போறேன், சங்கு ஊதுனா வாரேன். எப்பத் தொடங்கறது, எப்ப நிறுத்தறதுன்னு யோசிக்க வேண்டியதில்லை. நல்லாத்தான் இருக்குது கண்ணு." அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. நூறு ஏக்கரைக் கட்டி ஆளக்கூடிய மனுஷர் என்று ஊரில் பேர் எடுத்தவர் அவர்.

மூன்று வருஷம் போயிற்று. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முன் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் சுற்றி வளைத்து வந்து, கடைசியில், "அந்தப் பக்கம் போனா தோட்டத்தைப் பாத்துட்டு வா" என்றார். நான் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அரை மைலுக்கு முன்பே கேட்டது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். புகையிலை நின்ற இடத்தில் வாழை. வரிசைக்கு இருபத்தாறாகப் பதினெட்டு வரிசை. வாங்கியவர் நல்ல மனுஷர். இளநீர் வெட்டிக் கொடுத்து, "உங்க அண்ணன் நல்லாருக்காருங்களா? கிணத்தைப் பாருங்க வாங்க" என்று கூப்பிட்டார். நான் விளிம்பு வரை போனேன். உள்ளே தண்ணீர் கறுப்பாக மின்னியது. எத்தனை அடிக்குப் பிறகு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமலே சொல்லிவிடுவாரோ என்று பயந்து, வாழையைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். பையிலிருந்த கயிற்றை எடுக்கவில்லை. என் ஆயுளில் அளக்க முடிந்தும் அளக்காமல் வந்தது அது ஒன்றுதான்.

திரும்பியதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சங்குக்கு இன்னும் அரைமணி இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க. எஞ்சின் வெச்சிருக்காரு."

"எத்தனை அடியாம்?"

ரயிலில் வரும்போதே இதற்கு ஒரு எண்ணைத் தயார் செய்து வைத்திருந்தேன். அறுபத்துநாலு என்றால் அவரால் தாங்க முடியாது. மிகவும் ஆழமாக இருந்தால், நிறுத்தியதே நல்லது என்று நிம்மதியாக இருப்பார். "எழுபத்தஞ்சுங்க" என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நீயே அளந்தியா?"

"அளந்தனுங்க."

அவர் கையை நீட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு பையைத் திறந்து கயிற்றைக் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மடியில் போட்டு ஒரு முனையிலிருந்து கையால் ஓட்டிக்கொண்டே போனார். முடிச்சுகள் அவர் விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் போயின. கடைசி முடிச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒரு சாண். புதிதாக ஒட்டுப்போட்ட கயிறு எதுவும் இல்லை. அறுபத்தொரு முடிச்சுக் கயிற்றால் எழுபத்தைந்து அடியை அளந்ததாகச் சொல்லிவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கு வாத்தியார்.

"கயிறு நனையவே இல்லையே கண்ணு" என்றார்.

"வெயிலுங்க. காஞ்சுபோச்சு."

"ம். நல்ல வெயில்தான்."

அவர் கயிற்றைப் பொறுமையாகச் சுருட்டினார். நங்கை ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்குக் கிணற்றடியில் என்னைப் பார்த்தது போலவே பார்த்தாள். இப்போது எதற்குச் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை.

அண்ணன் சுருளை என் கையில் கொடுத்தார். பிறகு தொண்டையை இரண்டு தரம் செருமிக்கொண்டார்.

"எழுபத்தஞ்சுன்னா, ஐயனா இருந்தாப் போயிருப்பாரு" என்றார்.

குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் குரலில் ஐயனைப் பற்றி வெறுப்பு இல்லாமல் வந்த வார்த்தை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அவர் ஆறுதலுக்காக நான் சொன்ன எண் ஐயனை ஜெயிக்க வைத்துவிட்டது. ஐம்பத்தெட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் அறுபத்தொன்றைச் சொன்னேன். அறுபத்துநாலோ என்னவோ, உள்ளதைச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுபத்தைந்தைச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் தப்பான எண்.

சங்கு ஊதியது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மில் வாசலுக்கு அங்கிருந்து நூற்றிருபது எட்டு இருக்கும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நங்கையும் அதைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.